தலையணைக்கடியில் வெல்லம்

நெஞ்சுநோய் வார்டில் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்த முதல் நாள் காலையில் ஒரு பெண் என் கையைத் தட்டிவிட்டார். அவருடைய கணவர் பழனிசாமியின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைக்கப் போயிருந்தேன்.

"போதுங்கண்ணு. மூச்சு உடவே தெம்பில்லாத மனுசனப் போட்டு இழு, உடுன்னா எப்படி? நீங்கல்லாம் பாஸ் பண்றதுக்கு எங்கூட்டுக்காரருதான் கெடச்சாரா?"

குமாரபாளையத்தில் தறி ஓட்டுபவரின் மகள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள். வெள்ளைக் கோட்டை மடிப்புக் கலையாமல் தேய்த்துப் போட்டுக்கொண்டு கர்வத்தோடு வந்திருந்தேன். ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். இந்த வருடம் வார்டுக்கு வரும் தம்பி தங்கைகளே, நீங்களும் இதே பேச்சைக் கேட்பீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பழனிசாமிக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம். வயது நாற்பதைத் தொடவில்லை. பாத்ரூம் போய்விட்டு வந்தால் மறுபடி பேச்சு வர நேரமாகும். ஊரில் ஒரு கிளினிக்கில் டிபி என்று சொல்லி இரண்டு முறை மாத்திரை கோர்ஸ் முடித்திருந்தார். சளியில் ஒரு தடவைகூடக் கிருமி தென்பட்டதில்லை. எக்ஸ்ரேயில் மட்டும் நுரையீரலின் மேல்பாகம் வெள்ளையாக அடைத்திருந்தது. மறுபடியும் மாத்திரை தொடங்கலாம் என்ற பேச்சு இருந்தது. கேஸ் ஷீட்டில் தொழில் விவசாயம் என்றிருந்தது. அது பொய்யில்லை, நோய் வந்த பிறகு அவர் காட்டு வேலைதான் பார்த்தார்.

எங்கள் யூனிட்டின் தலைமை மருத்துவரான சீஃபுக்கு ஒரு வழக்கம். ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் கேஸ் சொல்லக்கூடாது. ஒவ்வொரு மாணவரும் நோயாளியிடம் முதலிலிருந்து கேட்க வேண்டும். பழனிசாமியின் மனைவி செல்விக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

மூன்றாம் வருட மாணவி ஒருத்தி அவரைச் சாய்த்து உட்கார வைக்கத் தலையணையைத் தூக்கினாள். அடியில் ஒரு பொட்டலம், பிரித்தால் வெல்லம். இது எதற்கு என்று கேட்டாள்.

"தூசிக்கு, சாமி. நெஞ்சுல அடைஞ்சத வெல்லம் எறக்கிருமில்ல? ரிக்குல இருக்கறப்பப் பழகுனது."

போர்வெல் ரிக், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி. மீசை அரும்பிய வயதில் ஏறி, வடக்கே ஊர் ஊராகப் போய்ப் பாறையில் குழி போட்டிருக்கிறார். மாவு மாதிரி புழுதி பறக்குமாம். ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொள்வார்கள், சாயங்காலம் ஆளுக்கொரு கட்டி வெல்லம் தின்பார்கள். அதோடு தூசி போய்விட்டதென்று நம்பிவிடுவார்கள்.

இதைக் கேட்ட சீஃப் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ரேடியாலஜி, டிபி, மெடிசின் என்று எல்லா டிபார்ட்மென்ட்டும் ஒரே வளாகத்தில் இருந்ததால், எல்லோரும் ஒரே மேஜையில் கூடிப் படத்தைப் பார்த்தார்கள். சிலிகோசிஸ். பாறைத் தூசி நுரையீரலில் படிந்து தழும்பாக இறுகிவிடும் நோய். மறுபடி தொடங்க இருந்த டிபி மாத்திரையைக் கைவிட்டார்கள். ஆக்சிஜனும் மூச்சு லேசாக மருந்தும் கொடுத்தார்கள்.

"பேரக் கண்டுபுடிச்சுட்டீங்க. மருந்துங்க?" என்றார் செல்வி.

"படிஞ்ச தூசிய எடுக்க எங்ககிட்ட மருந்தில்லம்மா. வேற எங்க போனாலும் இல்ல," என்றார் சீஃப்.

செல்வி வெல்லப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் வேறு யாராவது ரிக்கில் இருக்கிறார்களா என்று சீஃப் கேட்டார். அண்ணனுக்குச் சோறு கொண்டுவந்திருந்த பழனிசாமியின் தம்பி முருகேசன் அப்போது கட்டில் பக்கம்தான் நின்றிருந்தார். அண்ணன் ரிக்கை விட்டு இறங்கியதும் அந்த வேலைக்கு ஏறியவர். மறுநாள் ரிக் மத்தியப் பிரதேசத்துக்குக் கிளம்புகிறது, அதில் அவரும் போகிறார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் மாட்டேன் என்றார்.

"எனக்கென்னுங்க, கல்லாட்ட இருக்கறேன். அண்ணனாட்டம் ஏமாந்துருவனா? நாந்தான் தெனமும் மூணு வேளையும் வெல்லந் திங்கறனே."

பழனிசாமி அந்த மாணவியைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவள் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கேட்டு வாங்கித் தம்பியிடம் நீட்டினார்.

"காதுல மாட்டு. மொதல்ல உன்ற நெஞ்சக் கேளு. அப்பறம் என்றதக் கேளு."

மாணவி இடம் காட்டினாள். முருகேசன் தன் நெஞ்சில் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு அண்ணனின் முதுகில் வைத்தார். இடம் மாற்றி மாற்றி வைத்தார்.

"காத்தே போக மாட்டீங்குதுங்களே," என்றார் மாணவியிடம்.

மறுநாள் ரிக் அவரில்லாமல் கிளம்பியது. அவருடைய எக்ஸ்ரேயிலும் சிறு சிறு புள்ளிகள் விழத் தொடங்கியிருந்தன. அவை இனி அழியாது. மேலும் தூசி போகாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பழனிசாமி மழைக்காலம் முடிவதற்குள் எங்கள் வார்டிலேயே இறந்தார். கடைசி வாரம் மாணவர்கள் அந்தக் கட்டிலைத் தாண்டிப் போகத் தயங்கினார்கள். செல்விதான் கூப்பிட்டார். "வாங்க, வந்து கேட்டுட்டுப் போங்க."

பெரிய ஆஸ்பத்திரியின் மெஷினைப் பற்றி ஊரில் பெருமையாகப் பேசுவார்கள். பழனிசாமியின் நோயை முதலில் கண்டுபிடித்தது மெஷின் இல்லை. அலுக்காமல் மறுபடி மறுபடி கேட்ட கேள்வி. படிக்க வருகிறவர்கள் இருக்கும் இடத்தில்தான் அது நடக்கும். ஆனால் அந்தக் கேள்வி அவரிடம் வரப் பல வருடங்கள் பிந்திவிட்டது.

நான் இப்போது அதே துறையில் பி.ஜி. படிக்கிறேன். முருகேசன் ஜேடர்பாளையத்தில் பரிசல் ஓட்டுகிறார். செக்கப்புக்குத் தவறாமல் வருகிறார். புது பேட்ச் மாணவர்கள் சூழ்ந்தால், அவர்கள் வாயைத் திறப்பதற்குள் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி தானே தொடங்கிவிடுகிறார்.

"முன்னால ரிக்குல இருந்தனுங்க. எழுதிக்கோங்க. எங்கண்ணன ரொம்ப நாளா அத ஆருமே கேக்கலீங்க."