காதுக்கு மட்டும் போன பேஸ்

சித்தூரில் எங்கள் சபையின் பழைய சவுண்ட் மிக்ஸரில் ஏழாவது குமிழுக்குக் கீழே ஒரு துண்டு வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதில் நீல மையில் 'பேஸ்' என்று எழுதியிருக்கும். எழுதியவர், கீழ்ஸ்தாயியில் கனமாக ஒலிக்கும் பேஸ் கிட்டாரை வாசித்த அண்ணன். மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தவர் என்பதால் சபையில் எல்லோருக்கும் அவர் பாய்லர் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மைக், ஸ்பீக்கர் எல்லாம் என் பொறுப்பு. கடைசி வரிசைக்குப் பின்னால் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். "கை தவறி வேற எதையாவது ஏத்திடப் போற, அதுக்குத்தான் எழுதி ஒட்டினேன்" என்றார். என் கை தவறவில்லை. நான் செய்ததைத் தெரிந்தேதான் செய்தேன்.

இப்போது திருப்பதியில் கல்யாண மண்டபங்களுக்கு ஸ்பீக்கர் கட்டிப் பிழைக்கிறேன். கச்சேரிக்காரர்கள் டீ குடிக்கும்போது தங்களுக்குப் பிடித்த பேஸ் வாசிப்பாளர்களைப் பற்றிச் சண்டை போடுவார்கள். யாருக்கு விரல் வேகம், யார் கம்பியைத் தட்டுவதில் கில்லாடி என்று போகும் பேச்சு. என்னைக் கேட்டால் பாய்லர் அண்ணன் என்பேன், அது யார் என்று சிரிப்பார்கள். அவர் வேகமாக ஒன்றும் வாசித்ததில்லை. ஆனால் முன்வரிசை ஒரு பக்கமும் பின்வரிசை ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்த எங்கள் சபைப் பாட்டு, அவர் வந்த பிறகு ஒன்றாக நடந்தது. "பாட்டு நடக்கறதுக்குக் கீழ தரை வேணும் பா. தரையப் பாத்துக்கினே யாரும் நடக்கறதில்ல. அது இல்லன்னாதான் தெரியும்" என்பார். பேஸ் நின்றுபோனால் சனங்கள் என்னவோ குறைகிறதே என்று தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள் என்று சொல்வார். பாவம், அதை முழுசாக நம்பினார்.

புது ஸ்பீக்கர் வாங்கிய வருஷம் வந்தது வினை. பேஸ் வாசித்தால் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. இருதய ஆபரேஷன் செய்துகொண்ட சபை மூப்பர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நெஞ்சு அதிருது தம்பி. அந்த டும் டும்ம நிறுத்திடு. அவருகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். நல்ல மனுசன், நொந்துக்குவாரு." எங்கள் சபையில் அதுதான் வழக்கம். முகத்துக்கு நேராக யாரையும் ஒன்றும் சொல்ல மாட்டோம். சுருதி விலகிப் பாடும் அம்மாவிடம் பேசாமல் மைக்கைத் தள்ளி வைப்போம். பிரசங்கம் நீண்டால் ஃபேனை நிறுத்துவோம். இதற்கெல்லாம் மரியாதை என்று பெயர். நானும் மரியாதையாக, வாரத்துக்கு ஒரு நூல் அளவு ஏழாவது குமிழை இறக்கினேன். இரண்டே மாதத்தில் அது அடிக்குப் போய்விட்டது.

மேடையில் நிற்பவருக்குத் தன் சத்தம் கேட்காவிட்டால் தெரிந்துவிடுமே. அதற்கும் வழி செய்தேன். புத்தாண்டு ஆராதனைக்கு முன்னால் ஒரு இயர்போன் வாங்கிப்போய் அவரிடம் கொடுத்தேன். மிக்ஸரிலிருந்து அவர் வாசிப்பு அந்த இயர்போனுக்கு மட்டும் போகும், ஸ்பீக்கருக்குப் போகாது. "எனக்கா பா வாங்கினு வந்த?" என்று கேட்டவர், என் தலைமேல் கைவைத்து ஜெபம் பண்ணினார். வெட்கங்கெட்டவன் நான், ஆமென் சொன்னேன்.

அப்படியே நான்கு வருஷம் ஓடியது. ஒரு ஞாயிறுகூட ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. பாட்டு பழையபடி இழுத்தது, கேட்டால் வெயில் அசதி என்றார்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, வலது காலால் தாளம் தட்டி, வியர்க்க வியர்க்க வாசித்தார். அவர் மனைவி பெண்கள் பக்கம் உட்கார்ந்திருப்பார். நான் அவரை அக்கா என்பேன். ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று "இன்னிக்கி நல்லா இருந்துச்சி" என்பார். அண்ணன் அதை என்னிடம் வந்து சொல்லிச் சந்தோஷப்படுவார்.

ஐந்தாம் வருஷம் மாம்பழ சீசனில் பாய்லர் நீராவி பட்டு அவருடைய இடது கை வெந்துபோனது. பாட்டு நின்றுவிடக் கூடாது என்று, திருப்பதியில் மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் தன் நண்பரை அவரே அழைத்துவந்து, தன் கிட்டாரையும் இயர்போனையும் கொடுத்து மேடையில் நிறுத்தினார். தான் கீழே ஆண்கள் பக்கம் உட்கார்ந்தார். தன் கிட்டார் சனங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்று அவர் கேட்கப்போனது அன்றைக்குத்தான் முதல் தடவை. குமிழை ஏற்றிவிடலாம் என்று என் கை போனது. மூப்பர் முன்வரிசையில் இருந்தார். கையை எடுத்துக்கொண்டேன்.

முதல் பாட்டு தொடங்கிச் சற்று நேரத்தில் அண்ணன் தலையைத் தூக்கினார். அந்த மண்டபத்தில் அவர் ஒருவர்தான் தூக்கினார். மேடையில் நண்பரின் விரலைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு மேசைக்கு வந்தார்.

"எத்தினி நாளா?"

"நாலு வருஷம் ஆவுதுண்ணா."

யார் இறக்கச் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. ஏழாவது குமிழைத் தொட்டுப் பார்த்தார். "எங்கிட்ட சொல்லி இருந்தா சனத்தோட ஒக்காந்து பாடி இருப்பேனே பா" என்றார். படி இறங்கியவர் திரும்பி வந்தார். "அவளுக்குத் தெரிய வேணாம். வாராவாரம் நல்லா இருந்துச்சின்னு சொல்லிக்கினு இருக்கறா." சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

விரல் மடங்கவில்லை, இனி வாசிக்க முடியாது என்று வீட்டில் சொல்லிவிட்டார். விரல் நன்றாகத்தான் மடங்கியது. அடுத்த வருஷமே சிறுநீரகம் கெட்டு, திருப்பதிக்கு வாரம் இரண்டு முறை பஸ்ஸில் போய் டயாலிசிஸ் செய்துகொண்டார். இரண்டு தடவை நானும் கூடப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். மெஷின் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும். போர்வைக்குள் அவருடைய வலது கால் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அசையவில்லை. கேட்காமலே திரும்பினேன். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து அக்கா என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். ஞாயிறு ஆராதனை எல்லாம் என் கம்ப்யூட்டரில் பதிவாகியிருப்பது அவருக்குத் தெரியும். ஸ்பீக்கருக்குப் போனதுதான் பதிவுக்கும் போயிருக்கிறது. பதிவு செய்யத் தொடங்கியதே குமிழ் அடிக்குப் போன பிறகுதான். நான்கு வருஷப் பதிவில் அண்ணன் எங்கேயும் இல்லை. எல்லாம் அழிந்துபோய்விட்டது என்று சொல்லிவிடத் தயாராகத்தான் போனேன்.

"அவரு வாசிச்சது ஒண்ணு குடு பா" என்றார் அக்கா. "பெரிய பாக்ஸ்ல போட்டு காட்டு. எனக்குக் காது போயிடுச்சி. நாலஞ்சி வருஷமா அவரு வாசிக்கறது மட்டும் காதுலயே வுழல. சொன்னா மனசு ஒடஞ்சிடுவாருன்னு, நல்லா இருந்துச்சி, நல்லா இருந்துச்சின்னு பொய் சொல்லிக்கினு இருந்தேன். ஒரே ஒரு தடவ கேட்டுக்கறேன்."

செத்தவருக்குக் கொடுத்த வாக்கை அங்கேயே உடைத்தேன். "உங்க காதுல ஒரு குறையும் இல்லக்கா" என்று ஆரம்பித்து, மூப்பர், குமிழ், இயர்போன், எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம். தரையைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவருக்கு இது தெரியுமா?"

"தெரியாதுக்கா" என்றேன்.

"ஸ்தோத்திரம்" என்று கையைக் கூப்பினார் அக்கா. "அந்த மட்டும் தெரியாமப் போய் சேந்தாரே."