கடைசி வேலையை ஏன் விட்டீர்கள்?

என் வீட்டுக்காரர் பதினேழு வருடம் ஒரே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டிக்கொண்டு, பெட்டிகள் அடுக்கிய பலகையை அலாக்காகத் தூக்கி, மூன்றாள் உயரத்தில் கொண்டுபோய் வைக்கிற வண்டி. அங்கே இவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். ஒரு தடவை வைத்த பலகையை மறுபடி நகர்த்தவே மாட்டார். இவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கிடங்கு வாசலில் நின்று இவர் ஓட்டுவதைப் பார்த்தேன். அன்றைக்கு ஆரம்பித்த பீற்றல்தான். சொந்தபந்தத்தில் ஒருத்தர்கூட என்னிடமிருந்து தப்பியதில்லை.

அப்படிப்பட்ட மனிதர் ஐந்து மாதத்துக்கு முன் ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்தார். "ஆள் குறைச்சிட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கிடங்கு மேனேஜரை நான் திட்டாத திட்டு இல்லை. அவர் மனைவியை மருந்துக் கடையில் பார்த்தேன். பாவம், அந்த அம்மா சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமல் மருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

வேலை தேட வழி காட்டியது எங்கள் மகள். பதினொன்றாம் வகுப்பு. தன் டேப்லெட்டில் இருக்கிற சாட்பாட்டை அப்பாவிடம் திறந்து கொடுத்தாள்.

"இதுகிட்ட கேளுங்கப்பா. பயோடேட்டா, லெட்டர் எல்லாம் எழுதிக் குடுக்கும்."

இவர் ஒற்றை விரலால் "வணக்கம் ஐயா" என்று தொடங்கினார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ஐயா. அது எழுதிக் கொடுத்ததை எனக்கு வாசித்துக் காட்டினார்: சரக்கு நகர்வு மேலாண்மையில் ஆழ்ந்த அனுபவமும் தலைமைப் பண்பும் கொண்ட நிபுணர்.

"யாருடி இந்த ஆளு? நானே இவனுக்கு வேலை குடுத்துடுவேன் போலிருக்கே" என்றார்.

சிரித்தோம். ஆனால் அந்த நிபுணர் விண்ணப்பம் போட்ட இடங்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆஸ்பத்திரி வரவேற்பு மேசை. கூரியர் ஆபீஸில் எழுத்தர். பள்ளிக்கூட ஸ்டோர் ரூம். வண்டி ஓட்டுகிற வேலை ஒன்றுகூட இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு கிடங்கில் 'ஓட்டுநர் தேவை' என்று போர்டே மாட்டியிருந்தார்கள். போட்டோ எடுத்து வந்து மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"பாக்கலாம்" என்றார்.

"எத்தனை நாளைக்குப் பாப்பீங்க? கண்ணு வலிக்கல?"

எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். வேலைக்குக் கொழுப்பா, இல்லை ஆளுக்குக் கொழுப்பா என்று நான் பாத்திரங்களோடு பேச ஆரம்பித்தேன். அவை கொஞ்சம் சத்தமாகவே பதில் சொல்லின.

கடைசியில் ஓரிடத்திலிருந்து அழைப்பு வந்தது. வேறொரு கிடங்கு. வந்து இறங்குகிற சரக்கைப் பட்டியலோடு ஒத்துப்பார்த்து வாங்கி வைக்கிற வேலை, நின்றபடியே செய்வது. திங்கட்கிழமை நேர்காணல். இவர் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து சாட்பாட்டோடு ஒத்திகை பார்த்தார். அது கேள்வி கேட்கும், இவர் பதில் தட்டுவார், "மிகச் சிறப்பான பதில்!" என்று அது குதிக்கும். எதைச் சொன்னாலும் குதித்தது.

சனிக்கிழமை டியூஷனிலிருந்து மகள் போன் செய்தாள். வேதியியல் கேள்விகளைச் சாட்பாட்டில் சேமித்து வைத்திருக்கிறாளாம், திறந்து வாசிக்க வேண்டுமாம். திறந்தேன். ஓரத்தில் பழைய உரையாடல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் அதுவே ஒரு தலைப்புப் போட்டு வைக்கிறது. கரிமச் சேர்மங்கள். மழைநீர் பற்றிய கட்டுரை. சுயவிவரம் திருத்தம். அதற்குக் கீழே, ரிவர்ஸ் எடுக்கப் பயம்.

என் மகளுக்குச் சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. அடுத்தவர் பேச்சைப் படிப்பது தப்புதான். படித்தேன்.

'கடைசி வேலையை ஏன் விட்டீர்கள்?' என்று அது கேட்டிருக்கிறது. ஒத்திகைதானே என்று எதையாவது சொல்லிவைக்கிற ஆள் இல்லை இவர். 'யாரும் என்னை நிறுத்தவில்லை ஐயா. நானே சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ரிவர்ஸ் எடுத்தபோது பின்னால் ஒரு பெண் குனிந்து பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை. கடைசி நொடியில் நிறுத்தினேன். அவருக்குத் தெரியவே தெரியாது. இப்போதும் வண்டியை ரிவர்ஸ் எடுப்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.'

அந்த ஒரு பதிலுக்கு மட்டும் அது குதிக்கவில்லை. தன்மையாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு, 'வீட்டில் யாரிடமாவது இதைப் பேசியிருக்கிறீர்களா?' என்று கேட்டிருந்தது.

'இல்லை ஐயா. என் மனைவி என்னைப் பற்றி எல்லோரிடமும் பெருமை பேசியிருக்கிறாள். அதைக் கெடுக்க மனசு வரவில்லை.'

மறைக்காமல் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது பொறாமை. பதினெட்டு வருடம் கூடக் குப்பை கொட்டியவளிடம் சொல்லாததை ஒரு கண்ணாடித் தட்டிடம் சொல்லியிருக்கிறாரே! கடைசி வரியை இரண்டாம் முறை படித்தபோதுதான் உறைத்தது. இவர் வாயை அடைத்தது என் வாய்தான். வெட்கமாக இருந்தது. மகளிடம் சார்ஜ் இல்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு இவரைக் கூப்பிட்டேன்.

"நாளைக்குக் கேக்கப்போறது மனுஷங்க. இன்னிக்கு நான் கேக்கறேன், வாங்க."

சிரித்துக்கொண்டே சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். "வணக்கம் மேடம்."

பெயர், அனுபவம் எல்லாம் முடித்துவிட்டு, "கடைசி வேலைய ஏன் விட்டீங்க?" என்றேன்.

"நிறுவனத்தில் ஏற்பட்ட மறுசீரமைப்பு காரணமாக..."

"அது வேணாம். நடந்தத சொல்லுங்க."

என்னைப் பார்த்தார். அலமாரியில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தார். துடைத்து வைத்த மேசையையே விரலால் தேய்த்தார்.

"ரிவர்ஸ் எடுத்தேன் மேடம். திரும்பிப் பாத்துட்டுத்தான் எடுக்கணும், எப்பவும் பாப்பேன். அன்னிக்குப் பாக்கல. பழகின கைதானேன்னு விட்டுட்டேன்." மேசைமேல் கையை விரித்து வைத்தார். "அந்தப் பொண்ணு தலையில மஞ்ச கிளிப் மேடம். ஒரு சாண் இருக்கும். ஒரு சாண்தான்டி."

நான் கேள்வி கேட்கிறவளாகவே உட்கார்ந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

"என்னால இனிமே ஏற முடியாது" என்றார்.

"ஏற வேணாம். யாரு ஏறச் சொன்னா?"

"நீதான்."

"நான்தான். இப்ப நானே சொல்றேன், வேணாம்."

அழுதார். நானும்தான். தண்ணீர் குடிக்க வந்த மகள் எங்களைப் பார்த்துவிட்டுக் குடிக்காமலே திரும்பிப் போனாள்.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு அந்தக் கிடங்கு வாசலிலிருந்து போன் வந்தது.

"எடுத்துக்கிட்டாங்க. சரக்கு இறக்கற பக்கம்தான், நாளையிலேர்ந்து."

"வேற என்ன கேட்டாங்க?"

"இவ்வளவு அனுபவம் இருக்கே, வண்டி ஓட்டவே ஆள் வேணும், வர்றீங்களான்னு அந்த சார் கேட்டார்."

"நீங்க?"

"வேணாம் சார், வீட்ல பேசிட்டோம்னு சொன்னேன்."