ஸ்டெல்லாவின் தொளதொளக் கால்சட்டை

செய்தி வந்தபோது கடை வாசலில் ஒரு வாடிக்கையாளரின் ரசீதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஸ்டெல்லாவின் கணவர் அந்தோணி. "அண்ணே, ஸ்டெல்லா காலைல போயிட்டா. வலி இல்லாம போனா." ரசீதில் ஒரு முத்திரைக்குப் பதிலாக மூன்று முத்திரை குத்தினேன். நான்கு மாதமாகப் படுக்கையில் இருந்தவர்தான். எதிர்பார்த்த செய்திதான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

சிராங்கூன் சாலைப் பக்கம் மூன்று மாடி ஜவுளிக்கடையில் நாங்கள் இருவரும் ஆறு வருடம் காவல் வேலை பார்த்தோம். என்னைவிட அவர் பதினான்கு வயது இளையவர். அவரைத் தெரிந்த உங்களுக்கு நான் உருவத்தை வர்ணிக்கத் தேவையில்லை. ஐந்தடிக்கு மேல் ஓர் அங்குலம்கூட இல்லை. குரல் மட்டும் தேவாலயப் பாடகர் குழுவுக்கென்றே செய்தது. சீருடைக் கால்சட்டையோ, இரண்டு பேர் நுழையலாம் போல அப்படியொரு தொளதொள. "காத்தடிச்சா சாங்கி ஏர்போர்ட் வரைக்கும் பறந்துருவீங்க" என்று கிண்டல் செய்வேன். "நல்லதுதானே, பஸ்ஸுக்கு நிக்க வேணாம் லா" என்பார்.

ஒரு சனிக்கிழமை, ரசீதைக் காட்டச் சொன்னதற்கு ஓர் ஆள் என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். தேசிய சேவைக்காக ராணுவத்தில் இரண்டரை வருடம் துப்பாக்கி தூக்கியவன் நான். அந்த நேரத்தில் இடுப்பில் வாக்கிடாக்கி இருப்பதே மறந்துபோனது. வாய் உலர்ந்து, மரம் மாதிரி நின்றேன். ஸ்டெல்லா வந்தார். ஒரு காலைப் பின்னால் வைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு நேரே விரித்துக் காட்டியபடி நின்றார். "சார், எங்கிட்ட சொல்லுங்க. நான் கேக்கிறேன்." குரலில் அவசரமே இல்லை. கதவுக்குக் குறுக்கே நிற்காமல் ஓரமாக நின்றதையும் கவனித்தேன். அந்த ஆள் என்னை விட்டுவிட்டு, இன்னும் நாலு வார்த்தை திட்டிக்கொண்டே அந்தக் கதவு வழியாக வெளியே போய்விட்டார்.

அன்று மாலையே மாதக் கடைசியில் வேலையை விடுவதென்று முடிவு செய்தேன். தெம்பனிஸில் இருக்கும் மகளும் "போதும்பா, வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றாள். உண்மையில் எனக்கு ஓய்வு தேவைப்படவில்லை. வாசலில் நிற்கவே பயமாக இருந்தது. அதை மகளிடம் சொல்ல வெட்கம்.

ஸ்டெல்லா விடவில்லை. தேநீர் நேரத்தில் கடைக்குப் பின்னால் சரக்கு இறக்கும் இடத்துக்கு இழுத்துப் போனார். சமூக மன்றத்தில் தற்காப்பு வகுப்புக்குப் போய் வந்தவர் அவர். "ஒருத்தரையும் கீழ தள்ளத் தெரியாது அண்ணே. எப்படி நிக்கிறதுன்னு மட்டும் தெரியும்" என்று ஒப்புக்கொண்டார். பயிற்சியில் அவர்தான் ரவுடி, நான் காவல்காரன். கெட்ட வார்த்தை அவர் வாயில் வராது என்பதால் காய்கறிக் கடையையே காலி செய்தார். "டேய் சுரைக்கா! வாடா பூசணிக்கா!" நான் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டேன். சத்தம் கேட்டுக் காசாளர் ராணி, நிஜச் சண்டை என்று நினைத்து, கையில் துணி அளக்கும் கோலுடன் ஓடி வந்தார். மறுநாள் அவரும் பயிற்சியில் சேர்ந்தார். ஒரு வாரத்தில் தையல்காரர் செல்வம் உட்பட ஆறு பேர் ஆகிவிட்டோம்.

"மூச்ச இழுக்குறது ஈசி. மெதுவா விடுறதுதான் வேலை" என்பார் ஸ்டெல்லா. இன்னொன்றும் சொல்வார்: "கோவத்துல வந்தவருக்கு வெளிய போக வழி வேணும். அந்த வழில போய் நிக்காதீங்க."

இருந்தும் நான் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் பிறவியிலேயே பயமில்லாதவர், எனக்கு அது வராது என்று நினைத்தேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம், கூட்ட நெரிசலில், வரிசைத் தகராறு முற்றி ஒருவர் துணி வெட்டும் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டார். ஸ்டெல்லா முதலில் சுற்றி நின்றவர்களை விலகச் சொன்னார். ராணி அதற்குள் போலீசை அழைத்துவிட்டார். ஸ்டெல்லா மூன்று கை தூரத்தில் நின்றார். அதே உள்ளங்கைகள், அதே குரல். "சொல்லுங்க சார். அவசரமே இல்ல." அந்த மனிதர் எவ்வளவு நேரம் பேசினாரோ, கடைசியில் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார்.

எல்லாம் முடிந்ததும் ஸ்டெல்லா மாடிப்படியில் பொத்தென்று உட்கார்ந்தார். "இங்க பாருங்க அண்ணே" என்று கால்சட்டையை முழங்காலோடு இழுத்துப் பிடித்தார். முட்டி இரண்டும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தன. "எப்பவும் இப்படித்தான் டான்ஸ் ஆடும். வெளிய தெரியக் கூடாதுன்னுதான் ரெண்டு சைஸ் பெருசா கேட்டு வாங்கினேன்." சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மாதக் கடைசியில் நான் வேலையை விடவில்லை.

செங்காங்கில் அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரேத வண்டி கொஞ்சம் தாமதமாக வந்தது. செம்பவாங்கிலிருந்து வந்திருந்த ஸ்டெல்லாவின் தம்பி லாரன்ஸ், துக்கம் தாங்காமல் ஓட்டுநரின் காலரைப் பிடித்துவிட்டார். நான் யோசிக்கவே இல்லை. ஒரு கால் பின்னால், உள்ளங்கைகள் முன்னால். "தம்பி, எங்கிட்ட சொல்லுங்க. நான் கேக்கிறேன்." லாரன்ஸ் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினால், ராணி, செல்வம், மற்ற இருவர், எல்லோரும் வரிசையாக அதே மாதிரி கையை விரித்து நிற்கிறார்கள்!

முதலில் சிரித்தது அந்தோணி. "பாத்தியா லாரன்ஸ், ஒங்க அக்கா கடையவே கெடுத்து வெச்சிருக்கா!" லாரன்ஸ் பிடியை விட்டார், சிரித்தார், பிறகு ஓட்டுநரைக் கட்டிக்கொண்டு அழுதார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவ்வளவு பேர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கை, கால், குரல் எல்லாமே நடுங்கியது. ஆனால் நின்றேன். ஸ்டெல்லாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான்: பயம் போகட்டும் என்று காத்திராமல், பயத்தோடேயே நிற்பது.

போன வாரம் வேலை ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து கொஞ்சம் கோணல்தான். ஸ்டெல்லா பார்த்திருந்தால் கடை முழுக்கக் கூப்பிட்டுக் காட்டியிருப்பார்.