பூட்டைத் திறக்க மறுத்த பெண்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், குடவாசல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன செல்போன் கடையில் நடந்தது இது.

எங்களுக்கு ஒரே பெண். அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவதாக வந்தவள். அந்தச் சந்தோஷத்தில்தான் அவளுக்குத் தனியாக ஒரு போன் வாங்கிக் கொடுத்தோம். நாலே மாதத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் உள்ளே போனால் சட்டென்று கவிழ்த்து வைத்துவிடுவாள். காலாண்டுப் பரீட்சை முடிந்து பேப்பர் கொடுத்த அன்று வகுப்பாசிரியை என்னை வரச் சொன்னார். இயற்பியல் தாளில் பேரும் நம்பரும் மட்டும் இருந்தன. மீதிப் பக்கமெல்லாம் வெள்ளை.

"மூணு மணி நேரமும் சும்மாவே உட்கார்ந்திருக்காம்மா. வீட்ல போன் அதிகமா பாக்குறாளா?" என்று கேட்டார் டீச்சர்.

எனக்கு அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் போனைப் பிடுங்கினேன். பூட்டைத் திறந்து காட்டு என்றேன். முடியாது என்றாள். "யாரோடடி பேசிக்கிட்டு இருக்க?" என்று கத்தினேன். அழ ஆரம்பித்தாள். அந்த அழுகையும் எனக்குச் சந்தேகத்தைத்தான் கூட்டியது. அவளுடைய அப்பாவிடம் சொல்லவும் வழியில்லை. நட்டு இருபது நாள்கூட ஆகாத சம்பா பயிர் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. அவர் விடிந்தது முதல் மண்வெட்டியோடு வயலில் நின்று தண்ணீரை வடிய விட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு குடவாசலுக்கு பஸ் ஏறினேன். கடையில் இருபத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து ஒரு போனைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். இந்தப் பூட்டை எடுக்க வேண்டும். என் பெண் யாரோடு பேசுகிறாள், என்ன பார்க்கிறாள் என்பதெல்லாம் என் போனிலேயே தெரிகிற மாதிரி ஏதாவது ஏற்றிக் கொடுக்க வேண்டும் என்றேன்.

அந்தப் பெண் போனைக் கையில்கூட வாங்கவில்லை. "பாப்பா இல்லாம நான் இதைத் தொட மாட்டேன்க்கா. நாளைக்கு சனிக்கிழமைதானே, கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற தாய்க்கு இல்லாத உரிமையா என்று சத்தம் போட்டேன். அவள் முகம் சுளிக்கவில்லை. "உங்களுக்கு உரிமை இருக்குக்கா. ஆனா நீங்க இப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்கன்னா, அப்புறம் உங்ககிட்ட அவ எதையுமே சொல்ல மாட்டா" என்றாள். கும்பகோணத்துக்குப் போய் வேறு கடையில் பார்த்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். மழை வலுத்துவிட்டதால் வீட்டுக்குத் திரும்பினேன்.

சனிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு போனேன். கடைக்காரப் பெண் அவளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். போனை என்னிடமிருந்து வாங்கி, நேராக அவள் கையில் கொடுத்தாள்.

"நீயே திறம்மா. அம்மாகிட்ட காட்டணும்னு தோணுறத மட்டும் காட்டு. ஒண்ணும் காட்ட வேணாம்னாலும் சரி."

மகள் திறந்தாள். எந்தெந்த ஆப்பை எவ்வளவு நேரம் பார்த்திருக்கிறாள் என்று காட்டும் பக்கத்தை எடுத்து நீட்டினாள். ரீல்ஸ் நிறையப் பார்த்திருந்தாள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட அதிகமாக வாட்ஸ்அப் பார்த்திருந்தாள். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல!" என்று கடைக்காரப் பெண்ணிடம் திரும்பினேன். மகள் வாட்ஸ்அப்பைத் திறந்து என் கையில் கொடுத்தாள்.

எங்கள் குடும்ப குரூப். நாத்தனார், ஓரகத்தி, சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி என்று நாற்பது பேருக்கு மேல் இருக்கிற குரூப். பத்தாவது ரிசல்ட் வந்த அன்று நானேதான் அவளையும் அதில் சேர்த்துவிட்டிருந்தேன். அவள் அதில் ஒருநாளும் ஒரு வரி எழுதியதில்லை. அதனால் அவள் உள்ளே இருக்கிறாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஜூலையில் அவள் வேதியியல் டெஸ்ட் பேப்பரை நான் போட்டோ பிடித்துப் போட்டிருந்தேன். அதற்குக் கீழே பூங்கொத்துகள், கைதட்டல்கள். 'அடுத்து டாக்டர்தான்' என்று தம்பி எழுதியிருந்தான். அடுத்த டெஸ்டில் மார்க் குறைந்தபோது நான் எதுவும் போடவில்லை. நாத்தனார் விடாமல், 'என்ன, இந்த தடவை மார்க்கே காணோம்?' என்று கேட்டிருந்தார். அதற்கு நான் எழுதிய பதில்: 'அந்தப் போன் வந்ததிலிருந்து கெட்டுக் குட்டிச்சுவராயிட்டா. அவளை நம்பி இனி பிரயோஜனமில்லை.' அதற்குக் கீழே ஆளுக்கொரு அறிவுரை. 'பேசாமல் மாப்பிள்ளை பார்த்துடுங்க' என்று ஒருவர் எழுத, வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதில் ஒன்று நான் போட்டது.

"பரீட்சைக்குப் போறதுக்கு முன்னாடியும் இதத்தாம்மா பார்த்தேன். பார்க்கக் கூடாதுன்னு நினைப்பேன், கை தானா அதுக்குப் போயிடும். அதை மறக்கத்தான் ரீல்ஸ் பாப்பேன். கொஸ்டின் பேப்பரைக் கையில வாங்கினதும் எல்லாரும் சிரிக்கிற மாதிரியே இருந்துச்சு. பேனா ஓடல" என்றாள்.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. இரண்டு மாதத்துக்கு முந்தைய வரி அது. எழுதிய நானே மறந்துவிட்டிருந்தேன். அவசர அவசரமாக என் போனை எடுத்து அழிக்கப் பார்த்தேன். அத்தனை நாள் கழித்து எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்க முடியவில்லை. கடைக்காரப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள்: "அது போகாதுக்கா. வேணும்னா இன்னொண்ணு எழுதலாம்."

அந்தக் கடையிலேயே நின்று எழுதினேன். 'என் பெண்ணைப் பற்றி நான் இங்கே எழுதியது தப்பு. அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இனிமேல் அவள் மார்க்கை இங்கே யாரும் கேட்க வேண்டாம், நானும் போடமாட்டேன்.' அனுப்புவதற்கு முன் மகளிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி, அவளே அனுப்பும் பட்டனைத் தொட்டாள். நாத்தனார் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அது போகட்டும்.

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். ரீல்ஸ் பழக்கம் விடுவதற்கு அவள் ரொம்பச் சிரமப்பட்டாள். படிக்கும்போது போனைச் சமையலறை அலமாரியில் வைத்துவிடலாம் என்று அவளே சொன்னாள். என் போனும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டாள். என்னால்தான் முதலில் முடியவில்லை. அரையாண்டில் இயற்பியலில் பாஸ் செய்தாள், அவ்வளவுதான். அந்த விடைத்தாளை என்னிடம் நீட்டும்போது அவள் முகத்தில் பயம் இல்லை. இப்போது தஞ்சாவூரில் கல்லூரிக்குப் போகிறாள். மார்க் எவ்வளவு என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.

அன்று அந்தப் பெண்ணுக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு மகளோடு மழையில் இறங்கிவிட்டேன். கேட்டதைச் செய்து கொடுத்து என்னை அனுப்பியிருந்தால் அவளுக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைத்திருப்பார்; அவள் மறுத்ததால் எனக்கு என் மகள் கிடைத்தாள் என்று இன்றும் அந்த வழியாக பஸ் போகும்போதெல்லாம் மனதுக்குள் அவளைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.