மாலை போட்ட மிஷின்கள்

கல்யாண ஆல்பம் போடத் தெரிந்தவனுக்கு வெப்சைட்டும் போடத் தெரியும் என்று நம்பிய மடையன் நான். என்னைவிட அப்பாவிகள் சிலர் அதை நம்பி வேலையும் கொடுத்தார்கள். 2006-ல் திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். சென்டர் என்றால் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். மூன்றில் ஏதாவது ஒன்று எப்போதும் ரிப்பேர்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பம்புக்கான இரும்பு பாகங்களை வார்க்கும் ஒரு சின்ன கம்பெனி. முதலாளி பழவேற்காட்டுக்காரர், எல்லோருக்கும் பாய். ஆர்டர் குறைந்து, இரண்டாவது ஷிஃப்டையே நிறுத்தும் நிலையில் இருந்தார். ஜெர்மனியில் ஒரு கம்பெனி, முதலில் வெப்சைட்டைப் பார்க்கிறோம், அப்புறம் நேரில் வருகிறோம் என்றதாம். வெப்சைட்டே கிடையாது. அதனால்தான் நான்.

"நெட்ல கெடைக்கிற வெள்ளைக்காரன் படத்தையெல்லாம் போட்டுடாத தம்பி. நம்ம கம்பெனி தெரியணும்" என்றார் பாய்.

போய்ப் பார்த்தேன். புகை, கரி, மண். இதைப் படம் எடுத்துப் போட்டால் ஜெர்மனியிலிருந்து யார் வருவார்கள்? கம்பெனி சுத்தமாக இருக்கும் நாள் ஒன்றுதான் என்று கண்டுபிடித்தேன்: ஆயுத பூஜை.

அன்றைக்குக் கேமராவோடு ஆஜரானேன். மிஷின்களையெல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம், குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். தொழிலாளர்கள் புதுச் சட்டையில் இருந்தார்கள். எல்லோரையும் உலைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, சிரிக்கச் சொல்லி எடுத்தேன். பழக்கதோஷம், படத்தைச் சுற்றி ரோஜாப்பூ பார்டரும் வைத்து வெப்சைட்டில் போட்டேன். பாயும் பார்த்துவிட்டு, "அழகா கீதுபா" என்றார்.

ஒரு வாரம் கழித்துப் போன்.

"ஜெர்மன்காரன் மெயில் போட்டுக்கிறான் தம்பி. கம்பெனிய மூடிட்டீங்களான்னு கேக்குறான்."

"ஏன் பாய்?"

"எல்லா மிஷினும் நின்னுகினு கீது. ஒருத்தன் கையிலயும் வேலை இல்ல. மாலை வேற. இப்பப் பாத்தா எனக்கே துக்க ஊடு மாதிரி தெரியுது. பேஜாரா பூட்ச்சுபா."

மறுநாள் திருவள்ளூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி, மறுபடியும் கும்மிடிப்பூண்டி. உட்கார இடம் கிடைத்தும் உடம்பு அசந்துபோயிருந்தது. ஷிஃப்டை நிறுத்தினால், நான் சிரிக்கச் சொல்லி எடுத்த முகங்களில் பாதி வீட்டுக்குப் போய்விடும். வழியெல்லாம் அந்த வரிசைதான் கண்ணில் நின்றது.

உள்ளே நுழைந்ததுமே உலைக்காரர் பிடித்துக்கொண்டார்.

"இன்னாபா, அன்னிக்குக் கல்யாணத்துக்கு எடுத்த. இன்னிக்கு இன்னா, காரியத்துக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்; வேறு வழி? இந்தத் தடவை நான் சொல்லாமலே எல்லோரும் சிரித்தார்கள் என்பது எனக்கு மட்டும்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு யாரையும் நில், பார் என்று சொல்லவில்லை. உருகிய இரும்பை அச்சில் ஊற்றினார்கள். பொறி பறந்தது. என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எடுத்ததில் பாதி புகையில் வீணாய்ப் போனது. மிச்சத்தில் தேறியது மூன்று: இரும்பு ஊற்றுவது, வார்த்த பாகத்தை ஒருவர் அளந்து பார்ப்பது, சரக்கு ஏற்றிய லாரி. ரோஜாப்பூவைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, அந்த மூன்றை மட்டும் வெப்சைட்டில் ஏற்றினேன்.

ஜெர்மன்காரர் வந்தார். படத்தில் பார்த்த உலை இதுதானா என்று கேட்டு, ரொம்ப நேரம் அங்கேயே நின்றாராம். சாம்பிளுக்கென்று சின்ன ஆர்டர்தான் கொடுத்தார். ஆனால் இரண்டாவது ஷிஃப்ட் நிற்கவில்லை.

இன்றைக்கும் யார் படம் கொடுத்தாலும், அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், இதில் வேலை நடக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். சலித்துப்போய் நானே சும்மா உட்கார்ந்திருக்கும் நாட்களில், எவனாவது மாலையோடு வந்துவிடப் போகிறானே என்று பயந்து எழுந்துவிடுகிறேன்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பாயே போன் செய்து கூப்பிட்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? கேமராவும் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"அத்த ஊட்லயே வெச்சிட்டு வா."