முன் சக்கரத்து ஷாஃப்ட்

ஜீப்புக்கு வரி என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது. சும்மா நின்று பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போவார். எதிர் வீட்டு அக்காவுக்கு மட்டும்தான் ஏன் என்று தெரியும். மற்றவர்கள் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் ஆவடியில் பட்டாளத்துக்கான தொழிற்சாலையில் பரிசோதகராக இருந்தார். வண்டிப் பாகங்கள் அவர் மேசைக்கு வரும். அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் முத்திரை, இல்லையென்றால் சிவப்புச் சாயத்தில் ஒரு பட்டை. காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் பொருளிலும் இருக்க வேண்டும். அதோடு விட்டாரா? அந்தப் புத்தியை அப்படியே வீட்டுக்கும் கொண்டு வந்தார் மனுஷன். செத்துப்போன தன் அப்பாவின் பெயரை ரேஷன் கார்டிலிருந்து அடிக்க வேண்டும் என்று காரியம் முடிந்த மறுநாளே, மழித்த தலையோடு போய் வரிசையில் நின்றவர் அவர்.

குவார்ட்டர்ஸை விட்டு வெள்ளானூர்ப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டினோம். நேற்றுவரை நெல் விளைந்த நிலம். கல் நட்டுப் பிரித்து விற்றார்கள். சாலை வரும் என்று சொல்லித்தான் விற்றார்கள். எதிர் வீட்டு அக்கா அதே நிலத்தில் நாற்று நட்டவர். இப்போது அவர் புருஷன் அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். "இங்க காலு வெச்சா முட்டி வரிக்கும் பூடும்மா. இதுல ஊடு கட்டிகினு வந்துட்டீங்களே!" என்று முதல் நாளே சிரித்தார். சிரித்தது சரிதான். ஐப்பசி பிறந்தால் தெரு முழுக்க உளைச்சேறு. ஏரியிலிருந்து வரும் வாய்க்கால் வழியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும். பாலம் கிடையாது. ஆட்டோக்காரன் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவான்.

அதற்காகத்தான் பட்டாளத்தில் கழித்துக் கட்டிய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்தார். அதில் பெரிய கியருக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு கியர் இருந்தது. அதைப் பின்னால் இழுத்தால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். நாலும் சுற்றினால் எந்தச் சேற்றிலிருந்தும் உறுமிக்கொண்டு ஏறி வந்துவிடும். பாம்பு கடித்தவர், காய்ச்சல்காரப் பிள்ளைகள், பரீட்சைக்குப் போகிறவர்கள் என்று அந்த மனையில் இருந்த பாதிப் பேர் மழைக்காலத்தில் அதில் ஏறியிருக்கிறார்கள்.

அந்த வருஷம் நான் முழுகாமல் இருந்தேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம். இரண்டு தங்கவில்லை. இது மூன்றாவது. எட்டு மாதம் தாண்டிவிட்டது என்பதை நானே வாய்விட்டுச் சொல்லப் பயப்படுவேன், கண் பட்டுவிடும் என்று. வலி எடுத்தால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் உட்கார்ந்திருக்காமல் வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார். வாசலில்தான் ஜீப் நிற்கிறதே என்று நான் தைரியமாக இருந்தேன்.

அப்போதுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியெல்லாம் ஆடம்பர வண்டியாம், அதற்குத் தனியாகக் கடுமையான வரி போட வேண்டுமாம். பேப்பரில் தினமும் வாசகர் கடிதம். ஊருக்குள் தார் ரோட்டில் போகிறவனுக்கு எதற்கு இது, கரை வேட்டிகளும் காண்டிராக்டர்களும் மிரட்டத்தானே வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கட்சி. காட்டிலும் மேட்டிலும் இருக்கிறவன் என்ன செய்வான் என்று இன்னொரு கட்சி. பஸ் நிறுத்தத்து டீக்கடையிலும் இதே ரகளை. எங்கள் ஆள் எந்தக் கட்சி என்று நினைக்கிறீர்கள்? வரி போட வேண்டும் என்கிற கட்சி! வசதி உள்ளவன் கட்டட்டும் என்று டீக்கடையில் நின்று பேசிவிட்டு வருவார்.

"நம்ம ஜீப் வசதியா?" என்றேன்.

"சட்டத்துக்கு நம்மது, அடுத்தவனதுன்னு தெரியாதுல்ல" என்றார்.

அடுத்த பட்ஜெட்டில் வருகிறதாம் என்று யாரோ சொன்னார்கள். வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்த எங்களால் அப்படி ஒரு வரியைக் கட்ட முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஜீப்புக்கு அடியில் படுத்தார். முன் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகிற இரும்புத் தண்டு ஒன்று உண்டு, முன் ஷாஃப்ட் என்பார்கள். அதைக் கழற்றி வெளியே உருட்டினார். இனிமேல் இது இரண்டு சக்கர இழுவை வண்டி, வரிக்குள் வராது என்றார்.

அப்போது செங்கல் சூளைக்காரர் ஒருவர் வந்திருந்தார். எங்களோடு அதே ஏலத்தில் அதே மாதிரி ஜீப் எடுத்தவர். தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா சார் நீ! சட்டமே இன்னும் வர்ல. வந்தாத்தான் இன்னா, எவன் அடியில பூந்து பாக்கப் போறான்? ரெண்டு சக்கரம்னு எழுதிக் குடுத்துட்டு கம்முனு கெடப்பியா, அத்த வுட்டுட்டு..."

"பேப்பர்ல ஒண்ணு, வண்டியில ஒண்ணு இருக்கக் கூடாதுங்க" என்றார் இவர், கையில் கிரீஸோடு.

துரு ஏறாமல் இருக்க எண்ணெய் பூசி, துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். எந்தத் துணி? பிள்ளைக்குத் தூளி கட்ட நான் துவைத்து மடித்து வைத்திருந்த என் பழைய வாயில் சேலை. கையில் கிடைத்ததை எடுத்திருக்கிறார். கத்தித் தீர்த்துவிட்டேன். "மழை பிடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்றும் கேட்டேன். "பிடிச்சா மாட்டிக்கலாம். அரை மணி நேர வேலை" என்றார்.

மறுநாள் வண்டிகளைப் பதிவு செய்கிற ஆபீசுக்குப் போனார். முன் ஷாஃப்டைக் கழற்றிவிட்டதைப் பதிய வேண்டும் என்றாராம். அப்படி எழுத எந்தப் படிவத்திலும் இடமே இல்லை என்று அங்கே சிரித்திருக்கிறார்கள். இவர் விடவில்லை. தானே கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு வந்து பீரோவில் வைத்துப் பூட்டினார். எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. என்னைச் சொல்ல வேண்டும்.

மழை பிடித்தது. பெய்தால் பெய்தபடி. நாலாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, ஷாஃப்டை மாட்டுங்கள் என்றேன். "கழட்டிட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். திரும்ப மாட்டணும்னா அதுக்கு ஒரு கடிதம் கொடுக்கணும். திங்கட்கிழமை கொடுத்துட்டு வந்து மாட்டிடறேன். உனக்குத்தான் இன்னும் மூணு வாரம் இருக்கே" என்றார். அடித்துப் பிடித்துச் சண்டை போட்டிருக்க வேண்டும். கால் வீங்கிக் கிடந்தது, அசதி. சரி என்று படுத்துவிட்டேன். அந்தச் சரியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சனிக்கிழமை காலை, பால் பொங்கி வருகிற நேரத்தில் வலி எடுத்தது. எதிர் வீட்டு அக்கா ஓடி வந்து என்னைத் தாங்கி ஏற்றினார். வாய்க்கால் வரைக்கும் ஜீப் எப்படியோ போனது. தண்ணீரில் இறங்கியதும் பின் சக்கரங்கள் சுற்றிச் சுற்றிக் குழி பறித்தன. வண்டி சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. அவர் கை பழக்கத்தில் சின்னக் கியருக்குப் போய் அதை இழுத்தது. எஞ்சின் அலறியது. முன் சக்கரங்கள் அசையவில்லை. மறுபடியும் இழுத்தார். மூன்றாம் தடவையும் இழுத்தார். பிறகுதான் கையை எடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இறங்கி வீட்டுக்கு ஓடினார். திரும்பி வரும்போது தோளில் ஷாஃப்ட். அட, இந்த மனுஷனை என்ன சொல்ல! முழங்கால் தண்ணீரில் மல்லாக்கப் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். வெளியே வந்து மூச்சு விட்டார். மறுபடியும் போனார். போல்ட் ஒவ்வொன்றாகக் கை தவறி விழுந்து சேற்றில் போனது. "யோவ், எய்ந்திரிய்யா! பொம்பள துடிச்சிகினு கீறா, நீ இன்னா பண்ணிகினு கீற அங்க!" என்று அக்கா கத்தினார். என் தலையை இருக்கையில் சாய்த்து வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வரப்பு மேலேயே சூளைக்கு ஓடினார்.

சூளைக்காரர் தன் ஜீப்போடு வந்து சேர்வதற்குள் எனக்குள் அசைவு நின்றுபோயிருந்தது. எனக்குத் தெரிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உறுதியாகிவிடும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். என்னை அந்த வண்டிக்கு மாற்றினார்கள். சூளைக்காரர் சின்னக் கியரை ஒரே இழுப்பு இழுத்தார். நாலு சக்கரமும் பிடித்து, வண்டி கரை ஏறியது. இரண்டு சக்கரம் என்று பொய் எழுதிக் கொடுக்கத் துணிந்தவருடைய வண்டி. வழி நெடுக அவர் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். எங்களைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பெண் குழந்தை. நிறைய முடி. அழவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்றார் டாக்டரம்மா, கடிந்துகொள்ளாமல், மெதுவாக. என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து நனைந்த கடிதம் ஒன்றை எதிர் வீட்டு அக்கா எடுத்து ஜன்னலில் காயப் போட்டார். பாவம், அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. முன் ஷாஃப்டை மீண்டும் பொருத்திக்கொள்வதைத் தெரிவித்துக்கொள்கிறேன் என்று இருந்தது. திங்கட்கிழமைத் தேதி போட்டு, வெள்ளிக்கிழமையே எழுதி வைத்திருக்கிறார்.

பட்ஜெட் வந்தது. அவர் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜீப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. டீக்கடையில் வேறு எதையோ பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வரி அப்போதும் வரவில்லை, அதற்கு அடுத்த வருஷமும் வரவில்லை. எங்களுக்குப் பிறகு பிள்ளையும் இல்லை.

அடுத்த கோடையில் ஜீப்பை விற்றோம். வேப்பம்பட்டிலிருந்து ஒருவர் வந்தார். குனிந்து அடியில் பார்த்துவிட்டு, "முன்னாடி ஷாஃப்ட் எங்க சார்?" என்றார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான்தான் உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வந்தேன். வாய்க்காலிலிருந்து எடுத்து வந்ததைத் துடைத்து, எண்ணெய் பூசி, அதே சேலையில் அவர் மறுபடியும் சுற்றி வைத்திருந்தார். சேலையை அவிழ்த்து நான் வைத்துக்கொண்டேன். ஷாஃப்டை அந்த ஆளிடம் கொடுத்தேன்.

வந்தவரிடம் போல்ட்டும் ஸ்பானரும் இருந்தன. ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்தார். தரை காய்ந்து கிடந்தது. இவர் பீரோவிலிருந்து அந்த சீல் போட்ட நகலைக் கொண்டு வந்து நீட்டினார். "இதுல ரெண்டு சக்கரம்னு இருக்கு. நீங்க மறக்காம மாத்தி எழுதிக் கொடுத்துடுங்க" என்றார். அந்த ஆள் ஒன்றும் புரியாமல் வாங்கி, அதிலேயே கிரீஸ் கையைத் துடைத்துக் கசக்கிப் போட்டார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் உள்ளே போய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.