இறுதி ஆட்டத்தில் பேசாத அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. தொலைக்காட்சியில் அவர் குரலைக் கேட்டவர்கள் ஏராளம். வீட்டில் அவரோடு வாழ்ந்தவன் என்ற முறையில், தம்பியாகிய நான் இந்த நினைவு மலருக்கு இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது புதுவாயலுக்குப் பக்கத்தில். அப்போது நைனாவும் அம்மாவும் கூலிக்கு நடவு வேலை செய்துகொண்டிருந்தார்கள். பிறகு நைனாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் வேலை கிடைத்தது. பள்ளியில் அக்கா கபடி ஆடினார். மாவட்ட அணிக்குத் தேர்வான நேரத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்து, ஆட்டம் அத்தோடு நின்றது. அவர் மைதானத்தை விடவில்லை. ஊர்ப் போட்டிகளில் மைக் பிடித்தார். "ஆடறவங்கள விட அந்தப் பொண்ணு பேசறதுதான் ஜோரா கீது" என்பார்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

பட்டம் வாங்கியதும் சென்னையில் ஒரு விளையாட்டுத் தொலைக்காட்சியில் சேர்ந்தார். முதலில் திரையின் அடியில் ஓடும் செய்திகளைத் தட்டச்சு செய்யும் வேலை. பெண்கள் கபடிக்கு வர்ணனை சொல்ல வேண்டியவர் ஒருநாள் வரவில்லை. அக்காவை உட்கார வைத்தார்கள். அந்த நாற்காலி அவருடையதாயிற்று. ஆண்கள் ஆட்டத்துக்குப் பேசத் தொடங்கியபோது, "பொம்பளைக்கு இன்னா தெரியும்?" என்று ஏசினார்கள். ரெய்டு போகிறவர் எந்தப் பக்கம் பாய்வார் என்று அவர் முன்கூட்டியே சொல்லுவார்; அப்படியே நடக்கும். ஏச்சு மெல்ல அடங்கியது.

நைனா தவறிய பிறகு வீட்டைத் தாங்கியவர் அக்காதான். என்னைப் படிக்க வைத்தார். தம் திருமணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

அவரோடு ஜோடியாக வர்ணனை செய்தவர் ஒருவர் உண்டு. பெயர் எழுத மனமில்லை. அவரும் என்னைப் போலவே அக்காவை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். பொங்கலுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அம்மா அவருக்கு எறா தொக்கு செய்து டப்பாவில் கட்டிக் கொடுப்பார்.

அக்காவின் மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது கபடித் தொடர் நடந்துகொண்டிருந்தது. அது எனக்கும் அக்காவுக்கும் மட்டுமே தெரியும். சிகிச்சை நாட்களில் மாற்றி உட்கார ஆள் வேண்டுமே என்று அக்காவே அந்த ஜோடி வர்ணனையாளரிடம் சொன்னார். "ஃபைனல் முடியட்டும். அப்புறம் நானே அம்மாகிட்ட பக்குவமா சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். "என்னை நம்புங்கக்கா" என்றார் அவர். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின வாரம் அலுவலகத்திலிருந்து அக்காவுக்கு போன் வந்தது. "உங்க உடம்புதான் முக்கியம் மேடம். ரெஸ்ட் எடுங்க."

"டாக்டரே போலாம்னு சொல்லிட்டாரு சார். உங்களுக்கு யார் சொன்னாங்க?"

போனை வைத்துவிட்டார்கள்.

இறுதி ஆட்டத்தன்று அம்மா வழக்கம்போல டிவி முன்னால் உட்கார்ந்தார். அக்காவுக்கு லீவு என்று மட்டும் சொல்லியிருந்தோம். திரையில் அக்காவின் இடத்தில் அவர் இருந்தார். ஆட்டம் தொடங்கும் முன், குரல் தழுதழுக்க, "நம்ம அக்கா புற்றுநோயோட போராடிக்கிட்டிருக்காங்க. எல்லாரும் வேண்டிக்கோங்க" என்றார்.

அம்மா திரும்பி அக்காவைப் பார்த்தார். "இன்னாமே சொல்றான் அவன்?"

அக்கா எழுந்து போய் டிவியை அணைத்தார். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குள் சொந்தக்காரர்களின் போன்கள் ஒலிக்கத் தொடங்கிவிட்டன.

பிறகு என்னிடம் சொன்னார்: "சேரை எடுத்துக்கினது கூட போவட்டும்டா. நான் சொல்ல வேண்டியத அம்மாவுக்கு அவன் சொல்லிட்டான் பாரு."

அதற்குமேல் அவரைப் பற்றி அக்கா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் அழைத்தால் போனை எடுக்கவும் இல்லை. சிகிச்சை முடிந்து, தலைமுடி மறுபடி வளர்ந்ததும் அலுவலகம் போனார். "பாக்கலாம் மேடம்" என்றார்கள். கூப்பிடவே இல்லை.

தொழிற்பேட்டைப் பெண்கள் நடத்திய கபடிப் போட்டிக்குக் கூப்பிட்டார்கள். உடனே கிளம்பினார். ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்தவர்கள் கைதட்ட, வெயிலில் உட்கார்ந்து மாலை வரை பேசினார். அதுவே அவர் கடைசியாகப் பேசிய ஆட்டம். நோய் திரும்பி வந்தது. அம்மாவின் மடியில் உயிர் பிரிந்தது.

அக்காவை மருத்துவமனைக்குத் தம் ஆட்டோவில் அழைத்துப்போன எதிர்வீட்டு அண்ணனுக்கும், புண்ணுக்கு மருந்து கட்டிய செவிலியர் சகோதரிக்கும், அந்தக் கபடிப் பெண்களுக்கும், இறுதி யாத்திரையில் உடன் நடந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலர் அச்சுக்குப் போகும் நேரத்தில், அக்காவோடு வர்ணனை செய்த அவர் எனக்கு போன் செய்தார். "அக்காவைப் பத்தி நானும் ஒரு பக்கம் எழுதித் தரேன்" என்றார். அம்மாவிடம் கேட்டேன்.

"வேணாம்டா. எம் பொண்ணப் பத்தி அவன் பேசினதே போதும்" என்றார் அம்மா.